நாய் பிடித்த பார்சல்

எங்கள் எமில்ராஜ் மாமாவுக்கு மன்னிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் சேர்ந்து பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறர் செய்த தீமையைப் பொறுத்துக்கொள்ளும் வரி வரும் இடத்தில் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும். வருடக்கணக்காக அதே வரி, அதே இருமல். பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவி பெர்னடெட் மாமி திரும்பி முறைப்பார்.

"ஏனப்பா அந்த இடத்திலை மட்டும் இருமுறியள்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"கோயிலுக்குள்ளை நிண்டு பொய் சொல்லக்கூடாது," என்றார் மாமா.

குருநகர்க் கரையில் பிறந்த எமில்ராஜ் முதலில் மீன்தான் பிடித்தார். இழுவைப் படகுகள் வந்து வலையைத் திரும்பத் திரும்ப அறுத்துக்கொண்டு போன பிறகு, படகைத் தம்பியிடம் விட்டுவிட்டு, யாழ்ப்பாண நகரத்தில் புதிதாகத் திறந்த 'நீலாம்பல்' ஹோட்டலில் பெட்டி தூக்கச் சேர்ந்தார். அந்த வேலைக்கு ஏதோ நீளமான இங்கிலீசுப் பெயர் வைத்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனையில் கோட்டை விட்டவள். அதை வாசித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஊரில் எல்லோரும் 'பெட்டி எமில்' என்று சுருக்கிவிட்டார்கள்.

நான் அவருடைய தங்கை மகள் றொசாந்தி. காலையில் கரைக்குப் போய் நண்டு எடுத்து, ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு நகரத்து ஹோட்டல்களுக்குக் கொடுப்பது என் தொழில். நீலாம்பலும் என் வாடிக்கை. அதனால் மாமா வேலை செய்வதைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

பெட்டியின் கைபிடியை அவர் நம்பமாட்டார். "கைபிடி பெட்டியை விக்கிறதுக்கு வச்சது பிள்ளை, தூக்கிறதுக்கு இல்லை," என்பார். அடியில் கை கொடுத்து ஒரு எம்பு எம்பி, மீன்பெட்டி ஏறிப் பழகிய தோளில் ஏற்றிவிடுவார். ஹோட்டலில் தள்ளுவண்டி ஒன்றும் இருந்தது. அதன் முன்சில்லு எப்போதும் சமையலறைப் பக்கமே இழுத்ததால், மாமா அதைப் பசிக்கிற வண்டி என்று ஒதுக்கிவைத்துவிட்டார்.

தொழிலில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம்: பெட்டிக்குள் கை போடக்கூடாது. ஒருமுறை புதுமாப்பிள்ளை பொம்பிளையின் பெட்டி படியில் வைத்து, இழுத்து மூடும் சிப்பு வெடித்து, உள்ளே இருந்ததெல்லாம் கொட்டுப்பட்டுப் போனது. மாமா சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பி, மற்றவர்களும் ஏறி வராதபடி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "தங்கச்சி, உங்கடை சாமான் விழுந்துபோச்சு, வந்து எடுங்கோ, நான் பாக்கேல்லை!" என்று கத்தினார். அந்தக் கத்தலில் முழு ஹோட்டலும் வந்து பார்த்தது. மாமா மட்டும்தான் பார்க்கவில்லை.

"உள்ளுக்கை கை போட்டால் நான் கள்ளன். வெளியிலை நிண்டால் நான் எமில்," என்பார்.

ஆனால் வெளியில் நின்றுகொண்டே அவரால் செய்யக்கூடியவை பல இருந்தன. எப்போதோ தனக்குப் பழைய பாணை விற்ற பேக்கரி முதலாளி, மகளின் கலியாணத்துக்கு நீலாம்பலில் வந்து தங்கினார். மாமா அவருடைய பெட்டியை மேல்மாடிக்கு ஏற்றினார். அறை மாறிவிட்டது என்று கீழே இறக்கினார். இல்லை, பழைய அறைதான் என்று மறுபடி ஏற்றினார். பெட்டிக்குப் பின்னால் முதலாளியும் ஏறி இறங்கினார், ஏனென்றால் அதற்குள் நகை இருந்தது. முதலாளிக்கு இளைத்தது. மாமாவுக்கு இளைக்கவில்லை. "பாண் எப்பிடி?" என்று மட்டும் கடைசியில் கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் கனடாவிலிருந்து வந்த இராசநாயகம் சீண்டிவிட்டார்.

அதைச் சொல்லும் முன் பார்சலைப் பற்றிச் சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஊருக்கு வந்தால், திரும்பும்போது அவருடைய பெட்டியில் ஊருக்கே பங்கு உண்டு. "ஒரு சின்னப் பார்சல்தான், அங்கை இருக்கிற என்ரை மேளிட்டைக் குடுத்துவிடுங்கோ" என்று வருவார்கள். அந்தச் சின்னப் பார்சலை ஏற்றிவர ஓட்டோ தேவைப்படும். மிளகாய்த்தூள், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், எள்ளுப்பாகு, பனங்கட்டி. மறுத்தால் தலைமுறைக்கும் பகை. வெளிநாட்டுக்காரர் பலர் சொந்தக்காரர் வீட்டில் நிற்காமல் ஹோட்டலில் நிற்பதே இதற்குப் பயந்துதான். ஏசி இல்லாமல் நித்திரை வராது என்று சொல்லிக்கொள்வார்கள். போகிற நாளை ஒரு குருவிக்கும் சொல்லமாட்டார்கள். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் சொல்லாமல் முடியாது: பெட்டியைக் கீழே இறக்குகிறவருக்கு.

இராசநாயகம் கோப்பாயில் பிறந்து ஸ்காபரோவில் வீடு வாங்கியவர். வருடாவருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, விரதம் இருந்து, பட்டு வேட்டியும் உருத்திராட்சமுமாக நீலாம்பலில் தங்குவார். மாமாவைக் கண்டால் தோளில் தட்டி, "எமில், நீர் எங்கடை வீட்டாள் மாதிரி" என்பார். மாமா அதை நம்பினார். யாரையும் லேசில் நம்பாத மாமா ஏன் இவரை நம்பினார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

மாமாவின் மகன் ஜெரிசனும் ஸ்காபரோவில்தான் இருக்கிறான். அவனுக்கு விசா சிக்கல், ஊருக்கு வரமுடியாது. சென்ற வருடம் அவனுக்குப் பிள்ளை பிறந்தது. "அம்மா, என்ரை ஞானஸ்நானச் சட்டை கிடக்கே? அதையே பிள்ளைக்கும் போடவேணும்," என்று கேட்டான். அந்தச் சட்டையை மாமி தன் கலியாணச் சேலையில் வெட்டித் தைத்தவர். இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் கலியாணப் படத்தையே விட்டுவிட்டு ஓடிய மாமி, அதை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினாராம்.

மாமி சட்டையை ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் வைத்தார். தனியே ஒரு சட்டையை எப்படி அனுப்புவது, மகனுக்கு வாய்க்கு ருசியாக ஒன்றும் வேண்டாமா என்று, பேணியைச் சுற்றிச் சீலாக் கருவாடு அடுக்கினார். எல்லாவற்றையும் நீலக்கட்டச் சாரத் துணியில் பொதிந்து, சிவப்பு நூலால் 'ஜெரிசன்' என்று தைத்தார். நல்லூர் விரதக்காரரிடம் கருவாட்டைக் கொடுத்துவிடுகிறோமே என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு மீன் மணக்கவே மணக்காது.

இராசநாயகம் பார்சலை இரண்டு விரலால் வாங்கினார். "ஓம் ஓம், தாரும். அவன்ரை கையிலை குடுக்கிறன்," என்று சிரித்தார். மாமா அன்றைக்கு அவருடைய பெட்டிகளை வானில் ஏற்றும்போது குழந்தைகளைக் கிடத்துவதுபோலக் கிடத்தினார்.

வான் போய்க் கொஞ்ச நேரத்தில், அறை துப்புரவாக்கும் தர்சினி துவாய்களுக்கு அடியில் எதையோ மறைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அண்ணை, உங்கடை பார்சல். குளியலறைக் குப்பைவாளிக்குள்ளை கிடந்தது. நான் தந்ததெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

அறையில் கிடந்ததை மனேச்சர் சீவரத்தினத்திடம்தான் ஒப்படைக்கவேண்டும். வேறு கைக்குக் கொடுத்தால் வேலை போய்விடும். தர்சினி அதைத் தெரிந்துகொண்டேதான் கொடுத்தாள். மாமா வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாமி கருவாட்டை எடுத்துக் குழம்பு வைத்துவிட்டு, பேணியைப் பழையபடி துணியில் தைத்து அலுமாரிக்குள் வைத்தார்.

இதோடு நின்றிருந்தால் மாமா என்ன செய்திருப்பார் என்று தெரியாது. நிற்கவில்லை. கொஞ்ச நாளில் ஜெரிசன் போன் எடுத்தான். குரலே சரியில்லை.

"ஏனப்பா கருவாட்டை வச்சனீங்கள்? எயார்போட்டிலை நாய் வந்து இராசநாயகம் அண்ணையின்ரை பெட்டிக்குப் பக்கத்திலை குந்திக்கொண்டு அசையமாட்டனெண்டு நிண்டதாம். ஒபிசர் மீனை உயத்திப் பிடிச்சு எல்லாருக்கும் காட்டினவனாம். சட்டை, பேணி எல்லாம் குப்பையிலையாம். ஒரு பேர்த்டே பார்ட்டியிலை சனத்துக்கு முன்னாலை நடிச்சுக் காட்டினவர். நானும் அங்கை நிண்டனான். இப்ப எல்லாரும் என்னைக் 'கருவாடு' எண்டுதான் கூப்பிடுகினம்."

மாமா போனை மாமியின் கையில் கொடுத்தார். பிள்ளைக்குக் கடைச் சட்டை போட்டு ஞானஸ்நானம் முடிந்தது. அதன்பிறகு ஜெரிசன் தாயோடு மட்டும் கதைத்தான். தகப்பன் போனை வாங்கினால் வேலைக்கு நேரமாகிவிட்டது என்பான்.

"உண்மையைச் சொல்லுங்கோவன் மாமா," என்று நான் சண்டை பிடித்தேன். "சட்டையை வீடியோவிலை காட்டுங்கோ. விசயம் முடிஞ்சுது."

"காட்டினால் எங்காலை வந்தது எண்டு கேப்பான். அவன் அங்கை போய் இராசநாயகத்தோடை சண்டை பிடிப்பான். அவர் சீவரத்தினத்துக்குப் போன் அடிப்பார். தர்சினிக்கு வேலை போகும். அதோடை, நான் சொல்லி இவன் நம்பவேண்டாம். அந்த மனிசன் நிக்க, அவன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு இவன் அறியவேணும்," என்றார்.

அந்த வருடம் முழுக்க மாமா கறுவிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது கறுவினார். தம்பியின் வலையில் ஓட்டை பார்க்கும்போது கறுவினார். பூசையில் இருமல் ஒரு வரிக்கு முன்பே தொடங்கிவிட்டது.

இந்த வருடத் திருவிழாவுக்கு இராசநாயகம் மறுபடி வந்து இறங்கினார். அன்றைக்கே நான் என் யோசனைகளைக் கொண்டுபோனேன். முதலாவது, பெட்டிக்குள் உயிர் நண்டு. இரண்டாவது எனக்கே பெருமையான யோசனை: சுறாக் கருவாட்டை மெல்லிசாக அரிந்து, பெட்டியின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துவிடுவது.

"அவர் சொன்ன பொய்யை நாங்கள் உண்மையாக்கிவிடுறம் மாமா. அவருக்கும் ஒரு பாவம் குறையும்."

மாமாவின் வாய் ஒரு பக்கம் சிரித்தது. பிறகு மூடிக்கொண்டது. "உள்ளுக்கை கை போடேலாது."

"நான் போடுறன்."

"நீ போட்டாலும் நான் போட்டதுதான்."

பிறகு திருவிழா நாட்கள் முழுவதும் மாமா, "ஐயா, வாங்கோ. ஐயா, பாத்து வாங்கோ" என்று பனங்கட்டியாக உருகினார். அப்போதுதான் ஒருநாள் இராசநாயகம் பழையபடி மாமாவின் தோளில் தட்டினார். நான் நண்டுப் பெட்டியோடு பின்கதவில் நின்றேன், காதாலே கேட்டேன்.

"போன முறை உம்மடை பார்சலாலை எனக்குப் பெரிய கரைச்சல் எமில். பரவாயில்லை. நான் அதை மனசிலை வைக்கேல்லை. உம்மை அப்பவே மன்னிச்சிட்டன்."

மாமா தன் தோளில் கிடந்த அந்தக் கையைப் பார்த்தார். "பெரிய மனசு ஐயா," என்றார்.

"இன்னொண்டு. வியாழக்கிழமை காலமை எட்டுக்கு வான் வருது. பெட்டியளைக் கெதியாய் இறக்கிவிடும். ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டாதையும். சொந்தக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை போறனெண்டு சொல்லி வச்சிருக்கிறன்."

"ஓம் ஐயா."

அன்று பின்னேரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஒரு வருடமாகக் காணாத வெளிச்சம்.

"றொசி, ஸ்கூட்டிக்குப் பெற்றோல் கிடக்கே?"

இராசநாயகத்தின் சொந்தக்காரர் வீடுகள் மாமாவுக்குத் தெரியும். அவர் கனடாவிலிருந்து கொண்டுவரும் சொக்கிலேற் பெட்டிகளை வானில் கூடப்போய் இறக்கிக் கொடுத்தவரே மாமாதான். வீட்டு அடையாளங்களைச் சொல்லி, நான் சொல்லவேண்டிய வசனத்தையும் பாடமாக்கிவிட்டார்.

முதலில் கோப்பாய். இராசநாயகத்தின் சின்னம்மா பராசக்தி, கிணற்றடியில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, நான் நீலாம்பல் ஹோட்டலிலையிருந்து வாறன். இராசநாயகம் ஐயா வியாழக்கிழமை காலமை போறாராம். பார்சல் இருந்தால் கூச்சப்படாமல் கொண்டுவரட்டாம். இந்தமுறை பெட்டியிலை நிறைய இடமாம்."

"ஞாயிற்றுக்கிழமை எண்டெல்லோ சொன்னவன்?"

"ரிக்கெற் மாறிப்போச்சாம். வரேக்கை கனடாவிலை இருக்கிற பிள்ளையளுக்கு வீடியோ எடுத்துக்கொண்டு வாங்கோ. ஐயாவின்ரை முகத்தைக் காட்டினால் அவையளுக்கும் ஒரு சந்தோசம்."

பராசக்தி மண்வெட்டியைச் சாத்தினார். "அவன் உப்பிடிச் சொன்னவனே? ஆச்சரியமாய்க் கிடக்கு. போன வருசம் என்ரை மிளகாய்த்தூளை எயார்போட்டிலை நாய் பிடிச்சுக் குப்பையிலை போட்டிட்டாங்கள் எண்டெல்லோ மேளுக்குச் சொன்னவன்."

எனக்கு ஸ்கூட்டி கையிலிருந்து சரியப் பார்த்தது.

அடுத்தது பண்டத்தரிப்பு. அங்கே இராசநாயகத்தின் மச்சான் கந்தப்பு, வெங்காயம் காயவிட்டிருந்த முற்றத்தில் நின்றார். அவருடைய புழுக்கொடியலையும் நாய் பிடித்திருந்தது. "ஒடியல் தின்னிற நாய் கனடாவிலை இருக்கெண்டு அப்பதான் தெரியும்," என்றார் அந்த அப்பாவி மனிதர். கடைசியாகத் தொண்டைமானாறு. அங்கே பெறாமகன் யதுசன் தமக்கைக்குக் கொடுத்துவிட்ட சந்நிதி முருகன் விபூதியையும் அதே நாய் பிடித்திருந்தது.

திரும்பி வந்து மூச்சு விடாமல் சொன்னேன். "மாமா, நாய் ஒருத்தரையும் விடேல்லை. தூள், ஒடியல், விபூதி, எல்லாம் பிடிச்சிருக்கு."

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் குந்தி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மாமி உள்ளேயிருந்து ஓடிவந்து, ஏதோ உடம்பு வருத்தமாக்கும் என்று தண்ணீர் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை, ஹோட்டல் முன்மண்டபத்தில் கலியாண வீடு மாதிரிக் கதிரைகள் நிறைந்திருந்தன. பராசக்தி மடியில் தூள் மூட்டை. கந்தப்பு காலடியில் ஒடியல் சாக்கு. யதுசன் கையில் விபூதிப் பை. ஆளுக்கொரு போன் உயர்ந்திருந்தது. கனடாவில் அது முதல்நாள் இரவு. வேலை முடிந்து வந்த முகங்கள் அந்தப் போன்களுக்குள் சோறு தின்றுகொண்டிருந்தன. நானும் ஜெரிசனுக்கு எடுத்தேன். தகப்பனோடு கதைக்காவிட்டாலும் என் போனை எடுப்பான்.

"மச்சான், போனை வைக்காதை. ஒரு பகிடி காட்டுறன்."

லிப்ட் கதவு திறந்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இராசநாயகம் நின்றார். மண்டபத்தைப் பார்த்தார். கை தானாகப் போய்க் கதவை மூடும் பொத்தானை அமத்தியது. மாமா காலை வைத்து மறித்தார்.

"இறங்குங்கோ ஐயா. எல்லாரும் வந்திட்டினம்."

"என்னடா ராசன்," என்று எழும்பினார் பராசக்தி. "நல்ல காலம் ஆள் விட்டனி. இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலைப் பாத்துக்கொண்டெல்லோ நிண்டிருப்பம்." போனைத் திருப்பினார். "இஞ்சை பார் பிள்ளை, ராசன் அண்ணை நிக்கிறார். தூளை இப்ப குடுக்கிறன், வடிவாய்ப் பார்."

"அண்ணை, கவனமாக் கொண்டு வாங்கோ!" என்றது போன்.

இராசநாயகம் கை காட்டினார். வேறு என்ன செய்வது? கந்தப்பு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார். "மச்சான், இந்தமுறை நாய்க்கும் தனியாய் ஒரு சின்னப் பார்சல் கட்டியிருக்கிறன். அதை முதல் குடுத்தால் மற்றதை விட்டிடும்."

மாமா மேலே போய்க் கடைசிப் பெட்டியையும் இறக்கி வைத்தார். பிறகு வேலையாட்கள் அறைக்குப் போய், வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த நீலக்கட்டத் துணிப் பொதியோடு வந்தார். சிவப்பு நூல் எழுத்து எல்லோருக்கும் தெரியும்படி நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"ஐயா, உதையும் வைப்பமே?"

இராசநாயகம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "உது... என்ன எமில்?"

"போன முறை நாய் பிடிச்ச பார்சல். நாய் கனடாவிலையிருந்து திரும்பக் கொண்டுவந்து தந்திட்டுது ஐயா. நல்லாய்ப் பழக்கின நாய்."

ஒருவரும் சிரிக்கவில்லை. போன்களுக்குள் சோறு தின்றவர்களும் கையை நிறுத்திவிட்டார்கள். பராசக்தி இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, கிட்ட வந்து, சிவப்பு எழுத்தை வாசித்தார்.

"அப்ப என்ரை தூளை எந்த நாய் பிடிச்சது ராசன்?"

என் கையில் போன் கத்தியது. "மச்சாள், கிட்டக் கொண்டு போ! அப்பா! உது அம்மா தைச்ச துணி. எப்பிடி உங்களிட்டை?"

ஒரு வருடத்துக்குப் பிறகு மகன் 'அப்பா' என்கிறான். மாமா போனைப் பார்க்கவே இல்லை. அவருடைய கண் இராசநாயகத்தைவிட்டு அசையவில்லை.

"ஐயா சொல்லட்டும்," என்றார்.

"தம்பி ஜெரிசன், கேளும்," என்று தொடங்கினார் இராசநாயகம். நெற்றி வேர்த்திருந்தது. "எனக்கு அண்டைக்கு விரதம். அதுக்குள்ளை மீன் மணம். பெட்டிக்கு நிறைக் கணக்கொண்டு கிடக்கு. எல்லாரும் தந்தால் ஒரு மனிசன் என்ன செய்யிறது?"

"ஏலாதெண்டு சொல்லியிருக்கலாம்," என்றார் மாமா. குரல் உயரவில்லை. "விரதமெண்டு சொல்லியிருந்தால் நான் வெக்கப்பட்டுத் திரும்பக் கொண்டு போயிருப்பன். பிழை எங்கடைதான். நாய்க்கதை ஏன் ஐயா? சபையிலை வச்சு என்ரை பிள்ளைக்குப் பட்டம் வச்சது ஏன்?"

"அது... சும்மா ஒரு பகிடிக்கு."

நானும் பகிடிக்காரிதான். மாமியின் செருப்புக்குள் தவளை விட்டவள் நான். மாமி துரத்தினார், அடித்தார், பின்னேரம் தானே அதை அயலுக்குச் சொல்லிச் சிரித்தார். ஜெரிசன் இந்த வருடம் முழுவதும் ஒருநாள்கூடச் சிரிக்கவில்லை.

"அப்பா, பிரியுங்கோ," என்றான் அவன்.

மாமா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பேணி மூடியைத் திறந்தார். மண்டபத்து வெளிச்சத்தில் அந்தச் சட்டை அவருடைய இரண்டு கைகளில் தொங்கியது. இவ்வளவு சின்னதா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. போனுக்குள் ஜெரிசன் எழும்பி நடந்தான். ஒரு கட்டிலைக் காட்டினான். பிள்ளை குப்புறப் படுத்திருந்தது. போர்வைக்கு வெளியே தடித்த இரண்டு கால்கள்.

"இப்ப அளவு காணாதப்பா."

"தெரியும்," என்றார் மாமா.

இராசநாயகத்துக்கு அந்த நேரம் ஏதோ மனம் இளகியிருக்கவேண்டும், அல்லது போன்களுக்குப் பயந்திருக்கவேண்டும். இரண்டு கையையும் நீட்டினார். "தாரும் எமில். நானே கொண்டுபோய் அவன்ரை கையிலை குடுக்கிறன். சத்தியமாய்."

"வேண்டாம் ஐயா. உங்கடை பெட்டியிலை இடமில்லை."

மாமா சட்டையை மடித்துப் பேணிக்குள் வைத்து மூடினார். அந்த மூடி 'டப்' என்று விழுந்ததைப்போல ஒரு நிறைவான சத்தத்தை நான் கேட்டதில்லை.

பிறகு பராசக்தி தலைமை ஏற்றார். பெட்டிகள் மண்டபத்து நடுவில் திறக்கப்பட்டன. தூளுக்கு இடம் விட இராசநாயகத்தின் பட்டு வேட்டிகள் வெளியே வந்தன. ஒடியலுக்குச் சப்பாத்துகள் வெளியே வந்தன. "உதை எடு ராசன், கனடாவிலை உதை விக்கிறாங்கள்" என்று சின்னம்மா ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பெட்டிகள் திறந்திருந்த நேரம் முழுவதும் மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் பூட்டியானபிறகுதான் திரும்பி, ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றி, வானில் வைத்தார்.

வான் போனதும் மனேச்சர் சீவரத்தினம் வந்தார். "எமில்ராஜ், விருந்தாளி போற நாளை வெளியிலை விட்டது ஆர்?"

"நான்தான்."

"உம்மடை பார்சல் எங்கை கிடந்தது?"

"நாய் தந்தது சேர்."

சீவரத்தினம் மேலே படியைத் துடைத்துக்கொண்டு நின்ற தர்சினியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். நல்ல மனிசன், அந்தக் கேள்வியை அதற்கு மேல் இழுக்கவில்லை. "ஒரு கிழமை வீட்டிலை நில்லும். பிறகு பாப்பம்," என்றார்.

மாமா வெள்ளிக்கிழமையே கரையில் இருந்து தம்பியின் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். பின்னேரம் வெயில் சரிந்த நேரம், மாமாவின் போன் அடித்தது. என் போனும் இல்லை, மாமியின் போனும் இல்லை, மாமாவின் போன். வீடியோ.

ஜெரிசன் எயார்போட்டில் நின்றான். அங்கே அப்போது காலை. தோளில் பிள்ளை.

"உனக்குத்தான் ஒண்டும் வரேல்லையே," என்றார் மாமா. "ஏன் போனனி?"

"பாக்கத்தான் அப்பா. பொறுங்கோ."

போன் திரும்பியது. ஆட்கள் வெளியே வரும் வாசல். முதல்நாள் வீடியோவில் சோறு தின்ற முகங்கள் அத்தனையும் அங்கே நின்றன. யாரும் தங்கள் பார்சல் வீடு தேடி வரும் என்று நம்பத் தயாராயில்லை. நடுவில், நிலத்தில் முழங்காலில் இருந்தபடி, தலைமயிர் கலைந்து, இராசநாயகம் பெட்டியைத் திறந்து ஆளாளுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பராசக்தியின் மகள் தூளை வாங்கி, முடிச்சவிழ்த்து, மணந்து பார்த்து, அம்மாவின் தூள்தான் என்று உறுதி செய்துகொண்டு பைக்குள் வைத்தாள். ஒடியல் வாங்கியவன், "அண்ணை, நாய் ஒண்டும் வரேல்லையோ?" என்று கேட்டான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. இராசநாயகத்தின் காது இரண்டும் பராசக்தியின் தூள் நிறத்தில் இருந்தன.

"கிட்டப் பிடி," என்றார் மாமா.

ஜெரிசன் கிட்டப் பிடித்தான். பிள்ளை போனை எட்டிப் பிடிக்கப் பார்த்து, ஒரு கணம் தன் முழு முகத்தையும் திரையில் அப்பியது. மாமா அந்த முகத்தைப் பார்த்தார். விரலால் திரையை ஒருமுறை தடவினார். பிறகு, "பிள்ளையைக் கொஞ்சம் அங்காலை பிடியடா, அந்த மனிசன்ரை முகம் மறைக்குது," என்றார். ஜெரிசன் சிரித்தான்.

மாமி முற்றத்திலிருந்து கூப்பிட்டார். "பாத்தது காணுமப்பா, விடுங்கோ. பாவம் அந்த மனிசன். வாங்கோ, தேத்தண்ணி ஆறுது."

மாமா வலையை மடியிலிருந்து தள்ளிவைத்துவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பொறும். இன்னும் ஒரு பெட்டி திறக்கேல்லை."